கோடை விருந்துக்கு க்ரீமி பாஸ்தா சாலட்: கையைக் கடிக்காமல் செய்வது எப்படி?

சிக்கனச்செல்வி எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் வீட்டில் ஒரு சின்ன விருந்து. 16 பேர் வருவார்கள். வெயில் காலம் என்பதால் குளிரக் குளிர ஒரு பாஸ்தா சாலட் வைக்கலாம் என்று இருக்கிறேன். க்ரீமியாக இருக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. தேடிப் பார்த்த செய்முறைகளில் எல்லாம் ஒரு பெரிய பாட்டில் மயோனைஸ், ஃப்ரெஷ் க்ரீம், இரண்டு வகை சீஸ், அதற்கு மேல் கோழியோ பேக்கனோ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இது பக்க உணவு, இதற்கு இவ்வளவா?

இன்னொன்று. விருந்துகளில் நான் சாப்பிட்ட பாஸ்தா சாலட் பாதி நேரம் வறண்டு கட்டி கட்டியாக இருக்கும். மீதி நேரம் அடியில் தண்ணீர் நிற்கும். இரண்டும் இல்லாமல், முந்தின நாளே செய்து வைக்கிற மாதிரி ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்.

அவசரக்காரன் எழுதியது:

பாஸ்தாவை வேகவை, மயோனைஸ் ஊற்று, உப்பு, மிளகு, கலக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மிளகுத்தூள் எழுதியது:

தம்பி சொன்ன மாதிரி செய்தால் செல்வி சொன்ன வறண்ட கட்டிதான் கிடைக்கும்.

செல்வி, முதலில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். இந்தப் பட்டியலில் பாஸ்தா மலிவானது. காய்களில் பருவத்தில் கிடைப்பதை எடுத்துக்கொண்டால் அதுவும் பெரிய செலவில்லை. செலவெல்லாம் மயோனைஸ், சீஸ், இறைச்சி என்ற மூன்றில்தான். இறைச்சியை எடுத்துவிடுங்கள், யாரும் தேட மாட்டார்கள். அந்த இடத்துக்கு வேகவைத்த முட்டையோ கொண்டைக்கடலையோ போதும். ஃப்ரெஷ் க்ரீம் தேவையே இல்லை. அது கொழுப்பைக் கூட்டுமே தவிர, குளிர்ந்த சாலட்டில் அதன் ருசி தனியாகத் தெரியாது. சீஸைத் துண்டு துண்டாகப் போடாமல், நாள்பட முதிர்ந்த, உப்பு தூக்கலான சீஸ் ஒன்றை வாங்கி மெல்லிசாகத் துருவுங்கள். 50 கிராம் துருவல் ஒவ்வொரு வாயிலும் தெரியும். 150 கிராம் துண்டுகள் போட்டால்கூட சிலர் தட்டில் 4 விழும், சிலர் தட்டில் ஒன்றும் விழாது.

மிச்சம் இருப்பது மயோனைஸ். அதை அடியோடு விடவும் கூடாது, அதை மட்டுமே நம்பவும் கூடாது. பாதி மயோனைஸ், பாதி நீர் வடித்த கெட்டித் தயிர், இதுதான் என் கணக்கு.

500 கிராம் உலர்ந்த மக்ரோனிக்கு 1 கப் மயோனைஸ், 1 கப் வடித்த தயிர், 2 மேசைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, 1 மேசைக்கரண்டி மஸ்டர்ட் சாஸ், 2 தேக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி மிளகுத்தூள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். மக்ரோனி தவிர இவை எல்லாம் சேர்ந்த கலவைதான் டிரெஸ்ஸிங். 4 முட்டை வேகவைத்து, வெள்ளைக்கருவை நறுக்கிச் சாலட்டில் போடுங்கள். மஞ்சள்கருவைத் தனியே எடுத்துத் தயிரோடு சேர்த்து மசித்து டிரெஸ்ஸிங்கில் கலந்துவிடுங்கள். க்ரீம் வாங்காமல் க்ரீம் பதம் வரும் இடம் இதுதான். நறுக்கிய காய் மொத்தம் 4 கப் இருக்கலாம்.

தினம்_ஒரு_பாஸ்தா எழுதியது:

அக்கா, எல்லாம் சரி, ஆனால் பாஸ்தாவின் பதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே! செல்வி, எக்காரணம் கொண்டும் குழைய விடாதீர்கள். நடுவில் லேசாகக் கடிபட வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்குங்கள். வடித்ததும் தண்ணீரில் அலசவும் கூடாது. மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும்.

அறிவியல்_அடுப்பு எழுதியது:

சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவுக்கு நீங்கள் சொன்னது அத்தனையும் பொருந்தும். குளிர்ந்த சாலட்டுக்கு இரண்டுமே தலைகீழ்.

காரணம் இதுதான். வேகும்போது பாஸ்தாவில் உள்ள மாவுச்சத்து நீரை உறிஞ்சி விரிகிறது. ஆறும்போது அதே மாவுச்சத்து மறுபடி நெருங்கி இறுகுகிறது. ஃப்ரிட்ஜ் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். அடுப்பிலிருந்து இறக்கும்போது லேசாகக் கடிபட்ட பாஸ்தா, மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது வேகாதது மாதிரி விறைப்பாக இருக்கும். அதனால் பாக்கெட் நேரத்துக்கு மேல் 1 முதல் 2 நிமிடம் கூடுதலாக வேகவிட வேண்டும். சூடாக இருக்கும்போது கொஞ்சம் மென்மையாகத் தெரியும். ஆறினதும் சரியான பதத்துக்கு வரும்.

அலசுவதும் அப்படியே. சூடான பாஸ்தாவில் மேல் மாவுச்சத்து சாஸோடு கலந்து பளபளப்பாகும். குளிர்ந்த சாலட்டில் அது பசையாகி ஒன்றோடொன்று ஒட்டும். செல்வி சொன்ன கட்டிக்கு அது ஒரு பெரிய காரணம். குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசினால் வேகுவதும் நிற்கும், பசையும் போகும். அப்புறம் நன்றாக வடிய விட வேண்டும். மக்ரோனிக் குழாய்களுக்குள் தேங்கும் தண்ணீர்தான் பின்னால் பாத்திரத்தின் அடியில் வந்து நிற்கிறது.

தினம்_ஒரு_பாஸ்தா எழுதியது:

மேற்கோள்: "பாக்கெட் நேரத்துக்கு மேல் 1 முதல் 2 நிமிடம்"

மக்ரோனிக்குச் சரி. முறுக்கு வடிவ ஃபியூசிலியை இப்படி விட்டால் கிளறும்போது முறுக்கின் ஓரங்கள் பிய்ந்துவிடும். அதற்கு 1 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அலசும் விஷயத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை. தட்டில் பரப்பி விசிறினால் போதாதா?

அறிவியல்_அடுப்பு எழுதியது:

கொஞ்சமாகச் செய்தால் போதும். 500 கிராமுக்கு மேல் போனால் பரப்பத் தட்டு பற்றாது, அதற்குள் குழைந்துவிடும்.

சிக்கனச்செல்வி எழுதியது:

சரி, அலசிவிடுகிறேன். வடித்ததும் ஒட்டாமல் இருக்க எண்ணெய் ஊற்றிப் பிரட்டலாமா? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மிளகுத்தூள் எழுதியது:

எண்ணெய் வேண்டாம், அது வீண். மயோனைஸே பெரும்பாலும் எண்ணெய்தான், எதற்கு இன்னும்? அதோடு எண்ணெய் பூசிய பாஸ்தாவில் டிரெஸ்ஸிங் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குப் பதில் சூடு முழுக்கப் போகும் முன், கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது 1 மேசைக்கரண்டி வினிகரைத் தெளித்துப் பிரட்டுங்கள். அளவில் சொன்ன இரண்டில் ஒன்றை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பில் பாஸ்தா அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். புளிப்பு டிரெஸ்ஸிங்கோடு நின்றுவிடாமல் பாஸ்தாவிலேயே இருக்கும். அலசும்போது முழுக்க ஜில்லென்று ஆகும்வரை அலசாமல் வெதுவெதுப்பில் நிறுத்துங்கள். பிறகு வினிகர், பிறகு முழுக்க ஆற விடுவது.

ஆனால் மயோனைஸும் தயிரும் சேர்க்கும்போது பாஸ்தா குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் மயோனைஸ் உடைந்து எண்ணெய் தனியே பிரியும், தயிர் திரியும்.

அவசரக்காரன் எழுதியது:

உப்பு? வேகவைக்கிற தண்ணீரில் எவ்வளவு?

பெரிய_பாத்திரம் எழுதியது:

லிட்டருக்கு 10 கிராம், அதாவது தலைதட்டி இரண்டு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. பாஸ்தாவுக்குள் உப்பு ஏறுகிற ஒரே நேரம் அதுதான். அதை விட்டுவிட்டால் டிரெஸ்ஸிங்கில் எவ்வளவு போட்டாலும் மேலே உப்பு, உள்ளே சப்பென்று இருக்கும். குளிர்ந்த பண்டத்தில் உப்பும் இனிப்பும் மங்கலாகத்தான் தெரியும். அதனால் கடைசி ருசியைச் சாலட் குளிர்ந்த பிறகு பாருங்கள். கலந்தவுடன் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று மூடி வைத்தால், மறுநாள் பரிமாறும்போது உப்பு குறைவாகத் தெரியும்.

நான் நிறையப் பேருக்குச் சமைக்கிறவன், அளவு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 500 கிராம் உலர்ந்த பாஸ்தா வெந்தால் 1.1 கிலோ அளவுக்கு வரும். காயும் முட்டையும் டிரெஸ்ஸிங்கும் சேர்ந்தால் மொத்தம் 2.2 கிலோ போல இருக்கும். பக்க உணவாக ஒருவருக்கு 130 கிராம் என்று வைத்தால் 16, 17 பேருக்குச் சரியாக வரும். செல்விக்கு ஒரு பாக்கெட்டே போதும். இரண்டு பாக்கெட் வாங்கிவிட்டு மீந்து நிற்பதுதான் இதில் நடக்கிற பெரிய வீண். இதையே முழு உணவாகக் கொடுப்பதாக இருந்தால் கணக்கு வேறு. அப்போது ஒருவருக்கு உலர்ந்த பாஸ்தா 75 கிராமாவது வேண்டும்.

சிக்கனச்செல்வி எழுதியது:

அண்ணா, இந்தக் கணக்குக்கு ரொம்ப நன்றி. நான் ஒரு கிலோ என்று எழுதி வைத்திருந்தேன்!

முந்தின நாளே செய்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பெரிய_பாத்திரம் எழுதியது:

செய்யலாம். ஆனால் டிரெஸ்ஸிங்கை முழுக்க ஊற்றாதீர்கள். செலவு மிச்சமாவது உண்மையில் இங்கேதான்.

ராத்திரி முழுக்க பாஸ்தா டிரெஸ்ஸிங்கில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் வறண்டு தெரியும். பலர் உடனே "மயோனைஸ் போதவில்லை" என்று இன்னும் அரை பாட்டிலைக் கவிழ்க்கிறார்கள். குறைந்திருப்பது ஈரம்தான், கொழுப்பு அப்படியே இருக்கிறது. அதில் இன்னும் மயோனைஸ் சேர்த்தால் க்ரீமியாக ஆகாது, திகட்டும். அதனால் மூன்றில் இரண்டு பங்கு டிரெஸ்ஸிங்கை முந்தின நாள் கலந்துவிட்டு, ஒரு பங்கை மூடி ஃப்ரிட்ஜில் தனியே வையுங்கள். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன் அதைச் சேருங்கள். அப்போதும் இறுக்கமாகத் தெரிந்தால் குளிர்ந்த பால் 2 மேசைக்கரண்டி ஊற்றிக் கிளறுங்கள். வேண்டுமானால் இன்னும் 2. கூடவே சில சொட்டு எலுமிச்சை. அவ்வளவுதான், பளபளவென்று வந்துவிடும்.

தினம்_ஒரு_பாஸ்தா எழுதியது:

பாலுக்குப் பதில் பாஸ்தா வேகவைத்த தண்ணீரை எடுத்து வைத்து ஊற்றலாமே? காசே இல்லை.

அறிவியல்_அடுப்பு எழுதியது:

அதில் இருப்பதும் மாவுச்சத்துதான், குளிரில் கூழாகும். அலசிப் போக்கிய பசையைத் திரும்ப ஊற்றுகிற மாதிரி. சூடான பாஸ்தாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைப்பட்டாணி எழுதியது:

காய்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அடியில் தண்ணீர் நிற்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளரிக்காயும் தக்காளியும் உப்பு பட்டதும் நீர் விடும். தக்காளி போட வேண்டும் என்றால் விதைப்பகுதியை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். வெள்ளரியை நறுக்கி, ஒரு சிட்டிகை உப்பு தூவி, 15 நிமிடம் வடிதட்டில் வைத்துப் பிழிந்துவிடுங்கள். இரண்டையும் பரிமாறும் நாளில்தான் சேர்க்க வேண்டும். ராத்திரியே சேர்த்துவிட்டு மறுநாள் மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது.

கேரட், முட்டைக்கோஸ், குடமிளகாய், செலரித் தண்டு, ஸ்வீட்கார்ன் எல்லாம் முந்தின நாளே போகலாம். முட்டைக்கோஸை யாரும் பாஸ்தா சாலட்டுக்கு நினைப்பதில்லை. மலிவு, மொறுமொறுப்பு, கொஞ்சம் போட்டாலே அளவு கூடித் தெரியும். பொடியாக நறுக்குங்கள், நீளமாக வேண்டாம்.

பட்டாணி உறைந்ததாகவே வாங்குங்கள். உரிக்கிற வேலை இல்லை, வீணாவதும் இல்லை. பாஸ்தா வெந்து இறக்கக் கடைசி நிமிடம் இருக்கும்போது அதே தண்ணீரில் கொட்டினால் போதும். தனிப் பாத்திரமும் மிச்சம், எரிவாயுவும் மிச்சம். வெங்காயத்தை நறுக்கி 10 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வடித்தால் காரம் அடங்கும். இல்லையென்றால் மறுநாள் சாலட் முழுக்க வெங்காய வாடைதான்.

அவசரக்காரன் எழுதியது:

வீட்டில் கால் பாக்கெட் பென்னே, அரை பாக்கெட் ஃபியூசிலி, கொஞ்சம் சங்கு பாஸ்தா கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடலாமா? இதுவும் சிக்கனம்தானே.

பெரிய_பாத்திரம் எழுதியது:

போடலாம் தம்பி. பாக்கெட்டில் நேரம் அதிகம் உள்ளதை முதலில் போடு, வித்தியாசம் எத்தனை நிமிடமோ அத்தனை கழித்து அடுத்ததைப் போடு. நீள ஸ்பகெட்டியை மட்டும் இதில் சேர்க்காதே. கரண்டியில் எடுக்கவும் வராது, டிரெஸ்ஸிங்கும் தங்காது. குழி, பள்ளம், முறுக்கு உள்ள சின்ன வடிவங்கள்தான் இதற்கு லாயக்கு. அதே அளவு டிரெஸ்ஸிங் அதில் அதிகமாகத் தெரியும்.

பச்சைப்பட்டாணி எழுதியது:

மிளகு அக்கா சொன்ன பாதிக்குப் பாதி கணக்கில் எனக்கு ஒரு கேள்வி. மயோனைஸை முழுக்க எடுத்துவிட்டுத் தயிர் மட்டும் போட்டால் என்ன? இன்னும் மலிவாகுமே.

மிளகுத்தூள் எழுதியது:

மலிவாகும். முதல் கால் மணி நேரம் நன்றாகவும் இருக்கும். பிறகு தயிர் நீர் விட ஆரம்பிக்கும், புளிப்பும் ஏறும். தயிருக்குப் பின்னால் கொழுப்பு இல்லாததால் நாக்கில் தங்காது. குறைக்க வேண்டும் என்றால் 1 பங்கு மயோனைஸ், 2 பங்கு தயிர் வரை போகலாம், அதற்குக் கீழே எனக்குப் பிடிப்பதில்லை. எந்த விகிதமாக இருந்தாலும் தயிரை வடித்தே ஆக வேண்டும். சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, ஃப்ரிட்ஜில் 3, 4 மணி நேரம் விடுங்கள். 2 கப் தயிர் வடிந்து ஏறக்குறைய 1 கப் ஆகும். கொழுப்பு நீக்கிய தயிர் வேண்டாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

அறிவியல்_அடுப்பு எழுதியது:

இன்னொரு பழைய வழியும் உண்டு. மயோனைஸ் பாட்டில் கடைகளுக்கு வருவதற்கு முன்பே வீடுகளில் செய்தது. 1 கப் பாலில் 2 மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கெட்டியாகும். பச்சை மாவு வாசம் போகும்வரை 2 நிமிடம் கூடுதலாகக் காய்ச்சி இறக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகு வினிகர், மஸ்டர்ட், சர்க்கரை, உப்பு, அதோடு கால் கப் மயோனைஸ் மட்டும் அடித்துச் சேர்த்தால் முழு மயோனைஸ் போட்டதுபோல வரும். தயிர் பிடிக்காதவர்களுக்கு இது நல்லது. ஆறும்போது மேலே ஏடு படியாமல் இருக்க ஒரு தட்டையோ தாளையோ மேற்பரப்பில் ஒட்டினாற்போல வையுங்கள். குளிர்ந்தால் இன்னும் இறுகும், அதனால் அடுப்பில் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள்.

சிக்கனச்செல்வி எழுதியது:

இதுவும் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு வேறு ஒரு பயம். மதிய வெயிலில், வெளியில் மேசை போட்டுத்தான் சாப்பாடு. மயோனைஸ் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும் என்கிறார்களே?

அறிவியல்_அடுப்பு எழுதியது:

பழி மயோனைஸ் மேல் விழுகிறது, ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை. பாட்டிலில் வரும் மயோனைஸில் புளிப்பு அதிகம், பி.எச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4-ஐ ஒட்டி இருக்கும். முட்டையும் பாஸ்சரைஸ் செய்தது, அதாவது கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கியது. கிருமிகள் அதில் எளிதாக வளராது. சிக்கல் அதோடு கலக்கும் பொருள்களில்தான். வெந்த பாஸ்தா, வெந்த முட்டை, கோழி, இவற்றில் புளிப்பு இல்லை, ஈரமும் சத்தும் நிறைய. கலந்த பிறகு மயோனைஸின் புளிப்பும் நீர்த்துப்போகிறது.

வெந்த பாஸ்தா, சோறு போன்றவற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வரும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெதுவெதுப்பில் நேரம் கிடைத்தால் முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு ஒருமுறை உருவாகிவிட்டால் மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் "கெட்டால் சூடுபண்ணிக்கொள்ளலாம்" என்ற எண்ணமே வேண்டாம்.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடுதான் ஆபத்தான எல்லை. சாலட் ஃப்ரிட்ஜுக்கு வெளியே மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான். இது எடுத்து எடுத்து வைக்கிற நேரத்தையும் சேர்த்த கணக்கு.

மிளகுத்தூள் எழுதியது:

இதில் ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸை வெயில் விருந்துக்குக் கொண்டுபோகவே கூடாது. பச்சை முட்டையில் வரக்கூடிய சால்மொனெல்லா கிருமியின் பயம் அதற்குத்தான் உண்மையாகப் பொருந்தும். மலிவாக முடிகிறது என்பதற்காகச் சிலர் செய்கிறார்கள்.

பெரிய_பாத்திரம் எழுதியது:

நடைமுறைக்கு வருவோம். ஒரே பெரிய பாத்திரத்தில் எல்லாவற்றையும் மேசையில் வைக்காதீர்கள். பாதியை வையுங்கள், பாதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அகலமான தட்டில் ஐஸ் நிரப்பி, அதன் மேல் சாலட் கிண்ணத்தைப் பதித்து, நிழலில் வையுங்கள். முதல் கிண்ணம் தீர்ந்ததும் அதிலேயே புதிதைக் கொட்டாமல் வேறு கிண்ணத்தில் எடுத்து வாருங்கள். ஐஸ் வாங்க வேண்டாம், இரண்டு நாள் முன்பிருந்தே ஃப்ரீசரில் தட்டுகளில் உறைய வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

முந்தின நாள் குளிர வைக்கும்போதும் கவனம் வேண்டும். ஆழமான பாத்திரத்தில் அழுத்தி வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் போகாமல் அகலமான தட்டில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த பிறகு ஒரே பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அவசரக்காரன் எழுதியது:

40 பேருக்கு என்றால் அண்ணா? எங்கள் அலுவலகத்தில் பேச்சு நடக்கிறது, நான் வேறு வாய்விட்டுவிட்டேன்.

பெரிய_பாத்திரம் எழுதியது:

1.25 கிலோ பாஸ்தா. மற்றதெல்லாம் இரண்டரை மடங்கு. ஆனால் மிளகையும் மஸ்டர்டையும் இரண்டு மடங்கோடு நிறுத்திவிட்டு, ருசி பார்த்து ஏற்று. ஒரே தடவையில் வேகவைக்காதே. வீட்டு அடுப்பில் அவ்வளவு பாஸ்தா விழுந்தால் தண்ணீர் கொதி அடங்கிவிடும், திரும்பக் கொதிப்பதற்குள் அடியில் ஒட்டும். இரண்டாகப் பிரித்துச் செய். அதே கொதிநீரில் இரண்டாவது தடவையும் வேகவைக்கலாம்.

சிக்கனச்செல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மிளகு அக்காவின் அளவு, அண்ணாவின் மூன்றில் இரண்டு கணக்கு, காயில் முட்டைக்கோஸும் பட்டாணியும் கேரட்டும். சீஸ் இல்லாமலே செய்யப் போகிறேன், பூண்டு ஒரு பல் அரைத்து டிரெஸ்ஸிங்கில் சேர்த்துவிடுகிறேன். வருகிறவர்களில் 3 பேர் முட்டை சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்காக வேகவைத்த முட்டையைக் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் சரியாகிவிடும், இல்லையா?

பச்சைப்பட்டாணி எழுதியது:

ஆகாதே! மயோனைஸிலேயே முட்டை இருக்கிறது. பாட்டிலில் முட்டை இல்லாதது என்று போட்டிருந்தால் மட்டும்தான் பரவாயில்லை. மஞ்சள்கருவை வேறு டிரெஸ்ஸிங்கில் மசிக்கப் போகிறீர்கள். பாஸ்தா பாக்கெட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள். உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் ரவையும் தண்ணீரும் மட்டும்தான், ஆனால் முட்டை சேர்த்த வகையும் உண்டு.

முட்டையில்லாத மயோனைஸ் வீட்டிலேயே வரும், இதற்குச் சால்மொனெல்லா பயமும் இல்லை. காய்ச்சி ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்த பால் அரை கப், வாசனை இல்லாத எண்ணெய் 1 கப், மஸ்டர்ட் 1 தேக்கரண்டி, உப்பு. குறுகலான உயரப் பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை அடியில் வைத்து அசைக்காமல் ஓட்டுங்கள். அடியில் வெள்ளையாகத் திரண்டதும் மெல்ல மேலே தூக்குங்கள். கெட்டியான பிறகு கடைசியில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அது விழுந்ததும் இன்னும் இறுகும். சாறை முதலிலேயே ஊற்றினால் பால் திரிந்துவிடலாம். பாலும் வேண்டாம் என்கிறவர்களுக்குச் சோயா பாலில் இதே அளவு வரும். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் 3 மேசைக்கரண்டிக்கு முக்கால் கப் எண்ணெய் வைத்தாலும் வரும், அதற்கு எண்ணெயை நூலாக ஊற்ற வேண்டும்.

சிக்கனச்செல்வி எழுதியது:

நல்லவேளை கேட்டேன். அப்படியானால் எல்லோருக்கும் இந்தப் பால் மயோனைஸையே போட்டுவிடட்டுமா? இரண்டு வகை செய்தால் வேலை கூடுமே.

மிளகுத்தூள் எழுதியது:

அதுதான் சுலபம், செலவும் குறைவு. 1 கப் எண்ணெயில் உங்களுக்குத் தேவையான மயோனைஸ் வந்து கொஞ்சம் மிஞ்சும். ஆனால் அதைச் செய்தால் 3, 4 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், பாட்டில் மாதிரி வாரக்கணக்கில் நிற்காது. மஞ்சள்கரு போவதால் டிரெஸ்ஸிங் கொஞ்சம் தளரும். ஈடுகட்ட, வேகவைத்த கொண்டைக்கடலை 3 மேசைக்கரண்டி எடுத்துத் தோல் நீக்கித் தயிரோடு அரைத்துச் சேருங்கள். முட்டை வேண்டும் என்பவர்களுக்கு நறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். அந்தக் கிண்ணத்துக்கு ஒரு கரண்டி, சாலட்டுக்கு ஒரு கரண்டி, மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரக்காரன் எழுதியது:

மீந்தால் ஃப்ரீசரில் போட்டு வைக்கலாமா?

பெரிய_பாத்திரம் எழுதியது:

கூடாது. உறைந்து உருகும்போது மயோனைஸும் தயிரும் பிரிந்துவிடும், காய் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிடும். மேசைக்குப் போகாமல் ஃப்ரிட்ஜிலேயே இருந்த பாதி 3 நாள் வரை தாங்கும், சாப்பிடும்போது ஒரு கரண்டி பால் விட்டுக் கிளறிக்கொள். வெயிலில் நேரம் தாண்டி நின்றதை எடுத்து வைக்காதே, கொட்டிவிடு.